அடைக்கலநாதனும் கம்பி தேடும் சுருளும்

1937 யூலை 5, திங்கள் – ரூ. 3.60
1937 யூலை 6, செவ்வாய் – ரூ. 4.20
1937 யூலை 8, வியாழன் – ரூ. 7.80
1937 யூலை 9, வெள்ளி – ரூ. 7.80
1937 யூலை 12, திங்கள் – ரூ. 11.40
ஆக – ரூ. 34.80

ஆளுக்கு நாளொன்றுக்கு அறுபது சதப்படி ஐம்பத்தெட்டு ஆட்கூலி. வெட்டிய குழிகள் ஐந்து. ஐந்திலும் கம்பி இல்லை.

கம்பி இருந்தது. அதைப் புதைத்தவரும் உயிரோடு குழிக்கரையில் நின்றார். எட்டு வருடத்துக்கு முன், 1929 யூனில், குருநகர் யாகப்பு மகன் அடைக்கலநாதன் தம் கையாலேயே அந்த ரெலிபோன் கேபிளைப் புதைத்து, ஈயம் உருக்கி மூட்டு வைத்து, மண் மூடிப் படமும் வரைந்தார். பெருவிரல் பருமன், ஈய உறை, நீளம் தொளாயிரத்துப் பத்து அடி.

வலிகாமத்திலே பண்டத்தரிப்புப் பக்கம் போகிற மற்றக் கம்பியெல்லாம் தூணுக்குத் தூண் ஆகாயத்தில்தான் போகும். இந்தத் தொளாயிரத்துப் பத்து அடி மட்டும் மண்ணுக்குள் போனதற்குக் காரணம் பிள்ளையார். வழியிலே ஒரு பிள்ளையார் கோயில்; அதன் தேர் கலசத்தோடு முப்பத்தொரு அடி உயரம். தேர் ஓடுகிற வீதியில் குறுக்கே கம்பி கட்டவிட மாட்டோம் என்று ஊரார் ஒற்றைக்காலில் நின்றார்கள். அதனால் வீதியின் கிழக்குத் தூணில் கம்பி கீழே இறங்கி, வடக்கு வேலியோரமாக மண்ணுக்குள் ஓடி, மூன்று இடத்தில் வீதியோடு வளைந்து, மேற்குத் தூணில் மறுபடி மேலேறியது.

அடைக்கலநாதனுக்கு 1937இல் நாற்பத்தொரு வயது. 1914இல் ஏணி சுமக்கும் கூலியாளாகச் சேர்ந்தவர். பதினான்கு வருடம் ஏணி சுமந்து, கம்பி இழுத்து, ஈயம் உருக்கப் பழகி, 1928இல் கேபிள் இணைப்பாளர் ஆனார். குருநகரில் கடலுக்குப் போகாமல் அரசாங்கச் சம்பளம் எடுத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர். அவர் வைத்த ஈய மூட்டைத் தடவிப் பார்த்தால் முட்டைக்கோது மாதிரி இருக்கும். படமும் அப்படித்தான். இருபத்தைந்து அடிக்கு ஓர் அடையாளமாக முப்பத்தேழு அடையாளம். ஒவ்வொன்றிலும் வடக்கு வேலியிலிருந்து கேபிள் எத்தனை அடி, எத்தனை அங்குலம், அந்த இடத்தில் வீதி எவ்வளவு அகலம் என்று எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்திருந்தார். பெரும்பாலான இடத்தில் வேலியிலிருந்து நாலடி மூன்றங்குலம். வீதி அகலம் இருபத்துநாலு அடி.

1937 யூலை 3ஆம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து இருபதுக்கு லைன் செத்தது. யாழ்ப்பாண ரெலிபோன் கந்தோரில் மின்அளவை செய்து, பழுது கிழக்குத் தூணிலிருந்து ஐந்நூறு அடிக்கும் அறுநூறு அடிக்கும் இடையில் என்று சொன்னார்கள். அவசரத்துக்குப் பனைமரங்களில் ஒரு கம்பியைக் கட்டி வேலை ஓட்டினார்கள். ஆனால் யூலை 28 கொடியேற்றம். அதற்குள் அந்தக் கம்பியைக் கழற்ற வேண்டும், வெட்டிய குழியையெல்லாம் மூடி இறுக்க வேண்டும். இறுகாத மண்ணில் தேர்ச்சில்லு புதைந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதை எழுதத் தேவையில்லை.

படத்தைப் பார்த்து, வேலியிலிருந்து நாலடி மூன்றங்குலத்தில் முதற்குழி வெட்டினார்கள். இல்லை. அங்கிருந்து வீதி நடுப்பக்கமாகத் தள்ளி இரண்டாவது குழி வெட்டினார்கள். இல்லை. ஏழாந் திகதி கோயில் முகாமையாளர் அருளம்பலம் வந்து, முழுவதையும் தோண்டிப் போடுவீர்களோ என்று சத்தம் போட்டு ஒருநாள் வேலையை நிறுத்தினார். பிறகு இன்னும் இரண்டு குழி. இல்லை. கடைசியில் அருளம்பலமே, கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்கிற ஏரம்புவைக் கூட்டிவந்தார். ஏரம்பு வேப்பங்கவர்க் கொம்பைப் பிடித்தபடி நடந்தார். நடுவீதியில் கொம்பு தலை குனிந்தது. பத்தொன்பது பேர் அந்த இடத்தை இடுப்பளவு வெட்டினார்கள். கல்லுத்தான் வந்தது.

"என்ன ஏரம்பண்ணை, இஞ்சை ஒண்டையும் காணேல்லையே?" என்றார் அருளம்பலம்.

"இன்னும் பதினெட்டு முழம் வெட்டுங்கோ, தண்ணி வரும். இஞ்சை தண்ணி இருக்கெண்டுதானே கொம்பு சொன்னது? கம்பி இருக்கெண்டு நான் எப்ப சொன்னனான்?" என்று ஏரம்பு கொம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

குழிக்குள் நின்றவர்கள் சிரித்தார்கள். ரெலிபோன் இன்ஸ்பெக்டர் இராசநாயகம் சிரிக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்தார்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் மலாயாவில். வேலைக்கு வந்து இரண்டு வருடம்.

"அடைக்கலநாதன், நீர் உதை அளந்துதான் எழுதினீரோ, இல்லாட்டி கள்ளுக்கொட்டிலுக்குள்ளை இருந்து எழுதினீரோ?"

"ரெண்டுதரம் அளந்தனான், ஐயா."

"அப்ப கம்பி எங்கை? எழும்பி நடந்து போட்டுதோ?"

அடைக்கலநாதன் நாடாவை வேலியில் வைத்து மறுபடி அளந்தார். அடுத்த நாள் இராசநாயகம் கொழும்புக்கு அனுப்பிய அறிக்கையின் பிரதியை அவருக்கும் காட்டினார். அதில் இரண்டு வரி: "1929ஆம் ஆண்டுப் படம் நம்பத்தகாதது. வரைந்தவர் இணைப்பாளர் வேலைக்குத் தகுதியுடையவரா என்பது ஆராயப்பட வேண்டும்." சம்பளம் குறையும் என்பது ஒரு கவலை. அதைவிட, ஏணி சுமந்து ஏறிய பதினான்கு வருடத்தை இரண்டு வரியில் இறக்கிவிட்டார்களே என்பது பெரிய கவலை. அந்த வரி கந்தோர்க் கோவையில் கிடந்தால் அவர் வரைந்த மற்றப் படங்கள் ஒன்றையும் இனி எவரும் நம்பமாட்டார்கள்.

யூலை 16, வெள்ளிக்கிழமை, கொழும்பிலிருந்து ரெயிலில் இரண்டு பெட்டிகள் வந்தன. கூடவே ஒரு கடிதம். மறைந்து கிடக்கும் கேபிளைத் தேடும் கருவிகள் இவை. இரண்டையும் சோதித்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புக. எது வேண்டும் என்பதை அதைக் கையாளப் போகிறவரே காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

முதலாவது முள்ளுப்பெட்டி. பளபளவென்று மெருகிட்ட மரம், பித்தளைக் கால்கள், கண்ணாடிக்குள் ஊசிபோல ஒரு முள். கம்பியில் பலமான மின்சாரம் ஓட விட்டால் அதற்கு மேலே வைக்கும் முள் திரும்பும். விலை ரூ. 118. இரண்டாவது சுருள். ஒன்றரை அடிக் குறுக்களவுள்ள மரவளையம். அதைச் சுற்றி முந்நூறு சுற்று மெல்லிய செப்புக்கம்பி. காதில் மாட்ட இரண்டு காதுக்குழல். அதனுடன் ஒரு சிறிய இரைச்சல்பெட்டி. பெட்டியைக் கம்பியின் நுனியில் பூட்டினால் வண்டு இரைவது போன்ற ஒரு துடிப்பு கம்பி வழியே ஓடும்; வளையத்தைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு நடந்தால் காதில் அந்த இரைச்சல் கேட்கும். விலை ரூ. 64.50.

இராசநாயகத்துக்கு முள்ளுப்பெட்டி பார்த்ததுமே பிடித்துவிட்டது. அடைக்கலநாதன் இரண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு குருநகருக்குப் போனார்.

வீட்டு முற்றத்திலே அவர் மனைவி யோசப்பின் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். வளையத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதென்ன, மா அரிக்கிற அரிதட்டோ? வலையைக் காணேல்லை?"

"நாளைக்கு உனக்கு வேலை இருக்கு. நான் சொல்லுற மாதிரிக் கம்பி புதைக்க வேணும்."

"கடவுளே! உங்கடை கந்தோரிலை எனக்கும் அறுபது சதம் தருவினமோ?"

சனி பின்னேரமும் ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகும் அவர்கள் செய்தது அதுதான். வீட்டுக்குப் பின்னால் கடற்கரை மணல். அடைக்கலநாதன் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். யோசப்பின் குதியால் மணலில் கோடு கீறி, அதில் கம்பியை இட்டு, மூடி, பனையோலையால் கூட்டி மெழுகி விடுவாள். பிறகு கூப்பிடுவாள். அவர் முதலில் ஒரு கருவியாலும் பிறகு மற்றதாலும் தேடி, கண்ட இடத்தில் சிப்பி வைப்பார். யோசப்பின் மணலைக் கிளறிக் காட்டுவாள். அவர் தாளில் எழுதுவார். பன்னிரண்டு தடவை.

முள்ளுப்பெட்டி பன்னிரண்டில் ஐந்து முறை சரி. அதற்கு எட்டு பற்றரி வேண்டியிருந்தது. மண்வெட்டி பக்கத்தில் கிடந்தால் முள் மண்வெட்டியைப் பார்த்தது. வீதியால் மாட்டுவண்டி போனால் சில்லின் இரும்புப் பட்டத்துக்குத் தலையாட்டியது. யோசப்பின் குனிந்து பார்த்தபோது ஒருமுறை அவள் இடுப்புச் சாவிக்கோர்வைக்கும் ஆடியது.

"இது நல்ல பெட்டி," என்றாள் அவள். "திறப்பு துலைஞ்சால் தேடித் தரும்."

சுருள் வேறு மாதிரி. கம்பிக்கு ஒரு பக்கத்தில் நின்றால் இரைகிறது; மறுபக்கத்தில் நின்றாலும் இரைகிறது; கம்பிக்கு நேர்மேலே வந்ததும் இரைச்சல் சட்டென்று நின்றுபோகிறது. அந்த மௌனத்தின் அகலம் இரண்டு விரல்தான். அவருடைய தகப்பன் யாகப்பு ஆழமில்லாத களங்கடலில் தோணியின் தண்டுக்கோலை நீருக்குள் விட்டு, அதன் நுனியில் காதை வைத்து மீன் வருகிறதா என்று கேட்பார். மகனுக்கும் அந்தக் காது வாய்த்திருந்தது. வளையத்தை அரைச்சரிவாகச் சாய்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தால் மறுபடி ஓரிடத்தில் இரைச்சல் நிற்கும். முதல் இடத்துக்கும் இந்த இடத்துக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு ஆழத்தில் கம்பி கிடக்கிறது. கடிதத்தோடு வந்த தாளில் அப்படி இருந்தது. அளந்து பார்த்தார், சரியாக இருந்தது.

பதினோராந் தடவை யோசப்பின் குறும்பாகக் கம்பியை வளைத்து வளைத்துப் போட்டாள். முள்ளுப்பெட்டி கைவிட்டது. அடைக்கலநாதன் காதுக்குழலோடு கால்மணி நேரம் நடந்து, இருபத்தாறு சிப்பி வைத்தார். அவள் மணலைக் கிளறினாள். சிப்பிக்குக் கீழே கம்பி, ஒரு விரற்கடை பிசகில்லை.

யோசப்பின் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாமல் இந்த வீட்டிலை இனி ஒண்டும் ஒளிக்கேலாது," என்றாள்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. தாளின் அடியில் அவர் அதை எழுதி, திகதி போட்டார்.

திங்கட்கிழமை கந்தோரில் இராசநாயகம் தாளை இரண்டு முறை வாசித்தார்.

"கடற்கரை மணல்லை செய்த சோதனை. வலிகாமத்துச் செம்மண்ணிலை என்ன செய்யுமோ?"

"செம்மண்ணிலையும் இரையும், ஐயா. முள்ளு அங்கை இன்னும் கூட ஆடும். ரெண்டு வண்டில் போற வீதி அது."

"முள்ளெண்டால் நானும் பாக்கலாம், முகாமையாளரும் பாக்கலாம். இது உம்முடைய காதுக்கு மட்டும். நீர் 'கேக்குது' எண்டால் நாங்கள் நம்ப வேணும். படத்தை நம்பின மாதிரி."

அந்தக் கடைசிச் சொல் குத்தியது. அடைக்கலநாதன் மேசையிலிருந்த தன் தாளை எடுத்து மடித்தார்.

"நான்தானே ஐயா கையெழுத்து வைக்கிறது?"

"ஓம். அதுவும் பிழைச்சால் பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது. ஏணிதான்."

"ஏணி எனக்குத் தெரியாத சாமான் இல்லை."

மைக்கூட்டை இழுத்து, "சுருள்" என்று எழுதி, அதன் கீழே மூன்று காரணம் எழுதிக் கையெழுத்திட்டார். நேரத்தையும் போட்டார்: காலை 9.35. முள்ளுப்பெட்டி அன்று மாலை ரெயிலிலேயே திரும்பிப் போயிற்று.

செவ்வாய், யூலை 20, காலை எட்டு மணிக்கு அவர் கிழக்குத் தூணில் இரைச்சல்பெட்டியைப் பூட்டிவிட்டு, காதுக்குழலை மாட்டி, வளையத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். கண்ட இடத்தில் சுண்ணாம்புப் புள்ளி. பின்னால் இராசநாயகம், அளவு நாடாவோடு இரண்டு ஆட்கள், அருளம்பலம், அவருக்குப் பின்னால் ஊர்.

முதல் இருநூறு அடி குடியில்லாத வெறுங்காணியின் பழைய வேலி. அங்கே படமும் புள்ளியும் ஒன்றாகவே இருந்தன. குடிமனைகள் தொடங்கியதும் புள்ளிகள் வேலியை நோக்கிச் சாயத் தொடங்கின. படம் நாலடி மூன்றங்குலம் என்றது. நாடா மூன்றடி ஓரங்குலம் என்றது. அடுத்தது இரண்டடி நாலு. பிறகு ஓரடி. ஐந்நூற்றிருபத்தைந்தாவது அடியில், புகையிலைத் தோட்டக்காரி குணலட்சுமியின் வீட்டுக்கு முன்னால், இரைச்சல் நின்ற இடம் வேலிக்கு நேர் அடியிலே.

வேலி என்றால் பனையோலை வரிந்த கிளுவை வேலி. கதியாலாக நட்ட கிளுவைக் கொம்பெல்லாம் துளிர்த்து நின்றன. அடைக்கலநாதன் வேலிக்கு இந்தப் பக்கம் வளையத்தைப் பிடித்தார், இரைந்தது. ஓலைக்கு மேலால் கையை நீட்டி அந்தப் பக்கம் பிடித்தார், இரைந்தது. இன்னும் பதினைந்து அடி வேலியோடே போனார். ஐந்நூற்று நாற்பதாவது அடிக்கு அப்பால் இந்தப் பக்கமும் இரைச்சலில்லை, அந்தப் பக்கமும் இல்லை. துடிப்பு அதோடு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. பழுது அங்கேதான்.

"இதுக்குக் கீழை, ஐயா," என்றார்.

குணலட்சுமி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். ஐம்பத்தெட்டு வயது, தனியாகவே நாலாயிரம் புகையிலைக் கன்று பார்க்கிறவள்.

"தம்பி, என்ரை வேலிக்குக் கீழை அரசாங்கக் கம்பிக்கு என்ன வேலை?"

"அம்மா, நான் வேலிக்குக் கீழை புதைக்கேல்லை. வேலியிலையிருந்து நாலடி மூண்டங்குலம் தள்ளித்தான் புதைச்சனான்."

கூட்டத்தில் எவரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். பிறகு ஊரோடு வந்து நின்ற, குழி வெட்டிய கூலியாட்கள் பத்தொன்பது பேரும். அடைக்கலநாதன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இராசநாயகமும் பார்த்தார். அந்த வீதியில் அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் சங்கதி தெரியாது.

வலிகாமத்தில் வருடத்துக்கு ஒருமுறை, திருவிழாவுக்கு முன்னால், வேலி அடைப்பார்கள். உக்கிய கதியாலுக்குப் பதில் புதுக்கதியால் நட வேண்டும். பழைய குழியிலேயே நட்டால் வேர் பிடிக்காது என்று சொல்லி அரைச்சாண், ஒரு சாண் தள்ளி நடுவார்கள். அந்தத் தள்ளல் வீட்டுப்பக்கமாகப் போனதாக எந்த ஊரிலும் கேள்வி இல்லை. எட்டு வருடத்தில் நாலடி மூன்றங்குலம். வருடத்துக்கு ஆறேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. குருநகரில் வலை உலர்த்துகிற மணலுக்கு ஏது வேலி? வேரூன்றித் துளிர்த்து நிற்கிற மரம் நடக்கும் என்று அடைக்கலநாதன் கனவிலும் நினைத்தவரல்லர். கல்லும் மதிலும் இருக்க, அவர் கிளுவையிலிருந்து அளந்தார். குழி வெட்டிய அத்தனை பேருக்கும் முதல்நாளே தெரியும். ஆனால் அதைச் சொன்னால், "உன்ரை வேலி எங்கை நிக்குது?" என்று அடுத்த கேள்வி வரும். வேப்பங்கொம்பு நடுவீதியில் குனிந்ததும் அதனால்தான்.

அருளம்பலத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "குணலட்சுமி, இனி உன்ரை வேலியிலை காதை வைச்சால் கொழும்பிலை கதைக்கிறது கேக்கும்."

"கேட்டால் முதல் உங்களைப் பற்றித்தான் கேப்பன்," என்றாள் அவள்.

அடைக்கலநாதன் பழுது இருக்கும் இடத்தை மறுபக்கமிருந்தும் ஒத்துப்பார்க்க வேண்டும் என்று சொல்லி, இரைச்சல்பெட்டியை மேற்குத் தூணுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார். அங்கிருந்து கிழக்கே வந்தார். எழுநூற்றைம்பதாவது அடியில் புள்ளி வேலிக்குள்ளே புகுந்தது. வளையத்தை வெளியே பிடித்தால் ஒரே இரைச்சல். படலையைத் திறந்து வளவுக்குள் கால் வைத்து, வேலிக்கு உட்புறமாக இரண்டடி போன பின்பே மௌனம் கிடைத்தது. அது அருளம்பலத்தின் வளவு.

"ஐயோ, தருமகர்த்தா!" என்று குணலட்சுமி கையைத் தட்டினாள். "என்ரை வேலி கம்பிக்கு மேலை நிக்குது. உங்கடை வேலி கம்பியைத் தாண்டி ஓடியெல்லோ வந்திட்டுது! தேர் வேலியிலை உரசுது, உரசுது எண்டு போன வரியம் ஆரைப் பேசினியள்?"

அருளம்பலம் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

அந்த வளவுக்கு நேரெதிரே கோயில் மடத்தின் கல்மதில். நூறு வருடத்து மதில். அடைக்கலநாதன் நாடாவின் ஒரு நுனியை மதிலில் வைக்கச் சொல்லி, மறுநுனியைப் புள்ளிக்குத் தானே கொண்டுவந்தார். படத்தின்படி வீதி இருபத்துநாலு அடி. கேபிள் வடக்கு வேலியிலிருந்து நாலடி மூன்று. அப்படியானால் மதிலிலிருந்து பத்தொன்பதடி ஒன்பதங்குலம் இருக்க வேண்டும்.

"வாசியுங்கோ, ஐயா," என்று நாடாவை இராசநாயகத்திடம் நீட்டினார்.

இராசநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். "பத்தொன்பது அடி, ஒன்பது அங்குலம்."

"படத்திலை?"

இராசநாயகம் படத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அதேதான்."

மேற்கிலிருந்து வந்த இரைச்சலும் ஐந்நூற்று நாற்பதாவது அடியிலேயே நின்றது. அன்று பின்னேரம் குணலட்சுமியின் அனுமதியோடு மூன்று கதியாலைப் பிடுங்கி வெட்டினார்கள். ஓரடி பத்தங்குல ஆழத்தில் கேபிள். சுருள் சொன்ன ஆழம் ஓரடி பத்தரை. ஈய உறையிலே ஒரு கூரான துளை, கதியாலுக்குக் குழி தோண்டும் அலவாங்கு குத்தியது. அதற்கு மேலேயே புதுக்கதியால் நின்றது.

குணலட்சுமி துளையை எட்டிப் பார்த்தாள். "மூண்டாந் திகதி, சனிக்கிழமை, ஆள் பிடிச்சு நட்டனான், தம்பி. கல்லெண்டு நினைச்சு ரெண்டு குத்துக் கூடக் குத்தினவன்."

"எத்தினை மணிக்கு, அம்மா?"

"பத்து மணிக்குத் தேத்தண்ணி குடுத்தனான். குடிச்சிட்டு வந்து முதற் குத்து."

"பத்து இருபது," என்றார் அடைக்கலநாதன்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு ஈயம் உருக்கத் தொடங்கி, மூட்டு வைத்து, பின்னேரம் நாலு நாற்பதுக்கு லைன் உயிர்த்தது. இராசநாயகம் குனிந்து மூட்டைத் தடவினார். ஒரு தரம் தடவிவிட்டு மறுபடியும் தடவினார்.

இனி எழுத வேண்டியது அறிக்கை. அதுதான் ஊருக்குப் பயம். காணிக் கந்தோருக்குத் தெரிந்தால் வீதியோரம் எத்தனை பேருக்குத் தண்டம் என்று எவரும் சொல்ல முடியாது. இருபத்திரண்டாந் திகதி, பனைமரத்துக் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு அருளம்பலம் வந்தார். ஏணிக்குக் கீழே நின்றார்.

"தம்பி, ஒருக்கால் இறங்கும். வேலிக் கதையை எழுதாமல் விடலாமோ? அளவு பிழைச்சுப் போச்செண்டு எழுதினால் முடிஞ்சுது. உமக்கு வேண்டியதைக் கோயில் செய்யும்."

"அளவு பிழைக்கேல்லையே, ஐயா. பிழைச்சதெண்டு எழுதினால் அந்த ரெண்டு வரி அப்பிடியே நிக்கும். நான் பிறகு உந்த ஏணியைக் காவிக்கொண்டு திரிய வேணும்."

"அப்ப எங்களைக் காட்டிக் குடுக்கப் போறீரோ?"

அடைக்கலநாதன் ஏணியில் ஒரு படி இறங்கினார். "உங்கடை பேர் எனக்கு வேண்டாம். என்ரை பிழையை நான் எழுதுவன். உங்கடை பிழையை நீங்கள் பாருங்கோ. நீங்கள் எடுத்தது அரசாங்கத்தின்ரை நிலம் மட்டுமில்லை. அது பிள்ளையாற்றை தேர் போற வழி. அவருக்கு நான் அறிக்கை எழுதத் தேவையில்லை."

மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன் வாயால் பிள்ளையார் நியாயம் வந்தது அருளம்பலத்துக்குச் சுட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, தம் வளவுக் கதியாலை முதலில் பிடுங்கியவர் அவர்தான். பழைய இடம் எது என்று காட்ட அடைக்கலநாதனின் படத்தைத்தான் கேட்டு வாங்கினார்கள். நாலு நாளில் வடக்கு வேலி முழுதும் பின்வாங்கிப் போயிற்று. குணலட்சுமி தன் பங்குக்கு மூன்றங்குலம் கூடவே உள்ளே போட்டாள்; அடுத்த வரியத்துக்கு முன்பணம் என்று சொன்னாள்.

அடைக்கலநாதன் எழுதிய அறிக்கை ஒரு பக்கம். "1929ஆம் ஆண்டுப் படத்தில் கேபிளின் இடத்தைக் கிளுவை வேலியிலிருந்து அளந்தேன். கிளுவை வேலி அளவெடுக்கத் தகுந்த அடையாளம் அன்று. அது என் பிழை. கல்மதிலிலிருந்து இப்போது அளந்ததில் அதே படம் அங்குலம் பிசகாமல் ஒத்தது. முப்பத்தேழு அடையாளங்களையும் மதில், கிணற்றுக்கட்டு, தேர்முட்டி ஆகியவற்றிலிருந்து புதிதாக அளந்து இத்துடன் இணைத்துள்ளேன். சுருளை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்." எவருடைய பெயரும் அதில் இல்லை. இராசநாயகம் அதை வாசித்து, தம் பங்குக்கு அடியில் ஒரு வரி எழுதினார்: "யூலை 13ஆம் திகதி நான் எழுதிய இரண்டு வரிகளையும் நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." அப்படிக் கேட்பது அவருக்கு இலேசாக இருந்திராது.

ஓகஸ்ட் 5, வியாழக்கிழமை, தேர். கந்தோர் ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்று அருளம்பலம் கேட்டனுப்பியிருந்தார். அடைக்கலநாதன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு யோசப்பினையும் கூட்டிக்கொண்டு போய், மடத்து மதிலோரம் நின்றார். வடம் பிடித்தவர்கள் அவரைக் கண்டு, "வாங்கோ கம்பிக்காரர், கேக்குதோ?" என்று கத்தினார்கள். தேர் ஐந்நூற்று நாற்பதாவது அடியைக் கடந்தபோது அவர் சில்லையே பார்த்தார். மண் அமுங்கவில்லை. இருபுறமும் ஓர் ஓலையும் உரசவில்லை.

"ஏன் அப்பிடி நிமிந்து நிக்கிறியள்? தேரை நீங்களே செய்த மாதிரி," என்றாள் யோசப்பின்.

"தேர் அவை செய்தது," என்றார் அவர். "வீதி நான் கண்டுபிடிச்சது."

பிறகு காத்திருத்தல். ஓகஸ்ட் 12ஆந் திகதி கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அறிக்கை கிடைத்தது என்று மட்டும் இருந்தது. 24ஆந் திகதி இன்னொன்று. படத்தின் மூலப்பிரதியைக் கேட்டிருந்தார்கள். அனுப்பினார்கள். அடைக்கலநாதன் வேலைக்கு வந்தார், போனார். சுருளின் மரவளையத்துக்கு யோசப்பின் ஒரு சீலைப்பை தைத்துக் கொடுத்தாள்.

கடைசிக் கடிதத்தை இராசநாயகம் உறை கிழிக்காமல் அவர் கையிலேயே கொடுத்தார். அதில் நாலு விடயம். யூலை 13ஆம் திகதி அறிக்கையின் இரண்டு வரிகளும் கோவையிலிருந்து நீக்கப்பட்டன. இணைப்பாளர் யா. அடைக்கலநாதன் அதே வேலையில் உறுதிப்படுத்தப்படுகிறார். சுருள் அவர் பெயரிலேயே பொறுப்பில் இருக்கும். வடபகுதியில் இனிமேல் வரையும் கேபிள் படம் எதிலும் உயிர்வேலியிலிருந்து அளவு எடுக்கக் கூடாது. கல்லிலிருந்தே எடுக்க வேண்டும். இதற்கு மாதிரியாக அவர் புதிதாக வரைந்த படத்தின் பிரதி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப்படுகிறது.

அந்தக் கடிதம் வந்தது 1937 செப்டெம்பர் 9, வியாழக்கிழமை.